எந்தச் சேனலுக்குக் காசு கொடுக்கிறோம்?

சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத் திரையில் ஒரு கட்டம் வரும்: இந்தச் சேனலுக்கு நீங்கள் சந்தா செலுத்தவில்லை. நேற்று ராத்திரி வரை வந்த சேனல். மாதக் காசும் கொடுத்தாகிவிட்டது. அடுத்து எல்லா வீட்டிலும் நடப்பது ஒன்றுதான், கேபிள்காரருக்குப் போன் போகும். அவர் எடுக்கமாட்டார். எடுத்தாலும், "மேலேருந்தே வரமாட்டுக்குக்கா, பாக்கேன்" என்பார். பாளையங்கோட்டையில் கேட்டாலும் வள்ளியூரில் கேட்டாலும் இதே பதில்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் ஆழமாக இறங்க வேண்டி வந்தது முக்கூடலில் இருக்கும் சித்தியால். சித்தி பீடி சுற்றுகிறவர். முன்னறைச் சுவரில் சாய்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், வெட்டிய இலையும் தூளும் கைக்குத் தானாக வரும். டிவி எதிரே ஓடும். ஆனால் கண் அங்கே போவது அபூர்வம், காதுதான் பார்க்கும். குரலை வைத்தே யார் அழுகிறாள், யார் கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்கிறாள் என்று சொல்லிவிடுவார். காலையில் பக்திப் பாட்டு, பகலில் மறு ஒளிபரப்பு, சாயங்காலம் முதல் ராத்திரி பத்து வரை இரண்டு சேனல்கள் மாற்றி மாற்றி. சித்தப்பாவுக்குச் செய்தியும் பழைய பாட்டும். லீவுக்குப் பேரன் வந்தால் கார்ட்டூன். அந்த வீட்டின் மொத்தத் தேவை அவ்வளவுதான்.

ஆனால் பாக்ஸில் வந்துகொண்டிருந்தது வேறு. வங்காளச் செய்தி, இந்திப் பாட்டு, வெளிநாட்டுச் சமையல், காட்டு விலங்கு, வரிசையாக விளையாட்டுச் சேனல்கள். ஒரே சேனல் சாதாரணமாக ஒரு நம்பரிலும் எச்டியாக இன்னொரு நம்பரிலும். சித்தி வீட்டு டிவியோ எச்டிக்கு முந்தைய காலத்துப் பெட்டி. இத்தனைக்கும் சேர்த்து மாதம் முன்னூறு ரூபாய்க்குப் பக்கத்தில். பில் கிடையாது. ஒரு மஞ்சள் அட்டையில் மாதத்துக்கு நேரே ஒரு கிறுக்கல் கையெழுத்து, அதுதான் ரசீது.

"எய்யா, எழுவது ரூவாய்க்கு எல்லாம் வந்துச்சே, இப்பம் என்னத்துக்குய்யா முந்நூறு?" என்று சித்தி கேட்டார். கேள்வி நியாயமானது. பதில்தான் கொஞ்சம் நீளம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு டிவி என்பதே முதலில் காசில்லாத பொருளாகத்தான் வந்தது. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி தொடங்கிய பிறகு, இந்தக் கடலோர மாவட்டங்களில் வசதி உள்ளவர்கள் மொட்டைமாடியில் உயரமாகக் கம்பம் நட்டு, ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு சிங்கள நிகழ்ச்சிகளுக்கு நடுவே எப்போதாவது வரும் தமிழ்ப் படத்துக்காகக் காத்திருந்தார்கள். ஒருவர் மாடியில் கம்பத்தைத் திருக, இன்னொருவர் கீழே நின்று "வருது, வருது, போச்சு" என்று கத்துவது அன்றைய டெக்னீஷியன் வேலை. பிறகு கொடைக்கானல் டவர், பிறகு கேபிள். 2008-ல் அரசு கேபிள் முதலில் கட்டுப்பாட்டு அறைகள் அமைத்த ஊர்களில் திருநெல்வேலியும் ஒன்று. 2011 செப்டம்பரில் அதே அரசு கேபிள் புதிதாகத் தொடங்கப்பட்டபோது மாதம் 70 ரூபாய் என்று அறிவித்தார்கள். சித்தி சொல்லும் எழுபது இதுதான். ஊரே அந்த எழுபதைத்தான் இன்னும் மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது.

அந்தக் காலத்து ஒயரில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் போய்விடும். யார் எதைப் பார்க்கிறார்கள் என்று பிரிக்க வழியில்லை. நாடு முழுக்கப் படிப்படியாக டிஜிட்டல் ஆக்கி, கடைசிக் கட்டமாகக் கிராமங்களையும் 2017 மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்தது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி நம்பர். இந்த நம்பருக்கு இந்தச் சேனலைத் திற, அந்தச் சேனலை மூடு என்று எங்கோ உட்கார்ந்து கட்டளை அனுப்பலாம். சேனலைத் தனித்தனியாக விலை போட்டு விற்க முடிந்ததே இதனால்தான்.

விற்றார்கள். 2019 பிப்ரவரி 1 முதல், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை நடைமுறைக்கு வந்தது. பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு கொடுங்கள் என்பதுதான் அதன் விளம்பரம். தேர்ந்தெடுக்க மார்ச் 31 வரை நேரம் கொடுத்தார்கள். தேர்ந்தெடுக்காதவர்களுக்குப் பொருத்தமான பேக்கேஜை, உள்ளூர் ஆபரேட்டருக்கு மேலே இருந்து சிக்னல் அனுப்பும் கேபிள் நிறுவனமே போட்டுவிடலாம் என்றார்கள். முக்கூடலில் பீடி சுற்றும் எந்தப் பெண்மணி அந்த மார்ச் மாதம் லேப்டாப்பைத் திறந்து சேனல் தேர்ந்தெடுத்திருப்பார்? நிறுவனமே போட்டது. அதற்குப் பிறகு சித்தி வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. நிறுவனம் மட்டும் அவ்வப்போது தொட்டுக்கொண்டிருந்தது.

சரி, பில்லுக்கு வருவோம். எவ்வளவு பெரிய பேக்கேஜாக இருந்தாலும் அதற்குள் மூன்றே விஷயங்கள்தான். ஒன்று, ஒயரை வீடு வரை கொண்டுவந்து இலவசச் சேனல்களைக் கொடுப்பதற்கான அடிப்படைக் கட்டணம். என்.சி.எஃப். என்பார்கள். 2019-ல் இதற்கு 130 ரூபாய்தான் உச்சம், அதற்கு 100 சேனல்கள். 18 சதவீதம் வரியோடு 153 ரூபாய் 40 காசு. 2020-ல் அதே 130-க்கு 200 சேனல்கள் தர வேண்டும் என்று மாற்றினார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இப்போது நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைக்கலாம், ஆனால் எவ்வளவு என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இரண்டு, கட்டணச் சேனல்களின் விலை. மூன்று, வரி.

யாராவது "முந்நூறு ரூவா பேக்கு" என்று சொன்னால், அதில் அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, சேனலுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். வசூலுக்கு வரும் பையனுக்குத் தெரியாது. அவனைத் திட்டிப் பயனில்லை. ஆபரேட்டருக்குத் தெரியும்.

நான் சித்தியின் பாக்ஸைத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கேபிள் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கடைவீதியில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. ஒரு பக்கம் ஃபைபர் வந்து சேரும் பெட்டிகள், அவற்றில் பச்சையாக மினுக்கும் விளக்குகள், கீழே வரிசையாக பேட்டரி. இன்னொரு பக்கம் கறுப்பு ஒயர் சுருள்கள், ஊறுகாய் டப்பா நிறையக் கனெக்டர்கள், கழற்றிப்போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்கள். நடுவில் லேப்டாப். அண்ணாச்சி முகம் கொடுத்துப் பேசினார். சண்டை போட வரவில்லை என்று தெரிந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பாக்ஸ் நம்பரைத் தட்டியதும் திரையில் வந்த விவரம்தான் எனக்கு இந்த முழுக் கதையின் சாவி. பெயர் இருந்த இடத்தில் சித்தப்பாவின் அப்பா பெயர், அவர் காலமாகிப் பல வருஷம். மொபைல் நம்பர் இருந்த இடத்தில் அண்ணாச்சியின் சொந்த நம்பர். சித்தி வீட்டுக்கு மட்டும் அல்ல, அந்தத் தெருவுக்கே அவர் நம்பர்தான்.

"பாக்ஸ் குடுக்கையில எல்லாத்தையும் சீக்கிரம் ஏத்துங்கன்னு மேலேருந்து நெருக்குனாங்க. நம்பர் கேட்டா யாரும் குடுக்கலை. என் நம்பரையே போட்டு ஏத்திட்டேன்" என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். நிறுவனத்தின் ஆப்பில் நுழைந்தால் ஓடிபி அண்ணாச்சி போனுக்குப் போகும். கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால், பதிவு செய்த நம்பரிலிருந்து கூப்பிடுங்கள் என்று சொல்லி வைத்துவிடுவார்கள். விலை மாறினால் வரும் எஸ்.எம்.எஸ். அவருக்கு. சேனல் செலக்டர் என்று 2020-ல் டிராய் ஓர் ஆப் விட்டது, அதுவும் இந்த நம்பர் இல்லாமல் நகராது. ஆக, நம் சேனலை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற உரிமைக்கான கதவு, பதிவாகாத ஒரு மொபைல் நம்பரில் பூட்டிக் கிடக்கிறது.

ஆகவே வேறு எதையும் செய்யும் முன் இதைச் செய்யுங்கள். பெயரும் நம்பரும் யாருடையது என்று பார்த்து, உங்கள் வீட்டு ஆள் பெயருக்கும் நம்பருக்கும் மாற்றச் சொல்லுங்கள். அண்ணாச்சி அங்கேயே மாற்றிக் கொடுத்தார். ஆதார் நகல் ஒன்று கேட்டார், அவ்வளவுதான். அதே மாலையில் சித்தப்பா போனுக்கு முதல் எஸ்.எம்.எஸ். வந்தது. பேக்கேஜ் பெயர், முடியும் தேதி எல்லாம் அதில் இருந்தது.

அடுத்து சேனல். கட்டணச் சேனல் ஒவ்வொன்றுக்கும் தனி விலை உண்டு, தனியாகக் கேட்டால் தனியாகக் கொடுத்தாக வேண்டும். விலைப் பட்டியல் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். டிவியில் கைடு பட்டனை அழுத்தினாலும் சேனல் பெயரோடு விலை வர வேண்டும். அதில் 19 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். 2019-ல் சன் டிவியின் விலை 19. கூட்டம் பார்க்கும் சேனல்களில் பல அந்த எண்ணிலோ அதை ஒட்டியோ நின்றன. காரணம், 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்தால் அந்தச் சேனலை, பல சேனல்களைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்கும் தொகுப்புக்குள் சேர்க்க முடியாது. 2020-ல் அதை 12 ரூபாயாகக் குறைத்தார்கள். ஒளிபரப்பு நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போயின. இழுத்து இழுத்துக் கடைசியில் 2022 நவம்பரில் மறுபடி 19-க்கே வந்தது. தொகுப்பு விற்காமல் இவர்களால் இருக்க முடியாது என்பது இதிலிருந்தே புரியும்.

தொகுப்பில்தான் சூட்சுமம். தொகுப்பாக விற்றால் தனி விலைகளின் கூட்டுத்தொகையில் 45 சதவீதம் வரை தள்ளுபடி கொடுக்கலாம். ஒரு நிறுவனத்தின் ஐந்து சேனல்களின் தனி விலை மொத்தம் 60 ரூபாய் என்று வையுங்கள். தொகுப்பாக 33 ரூபாய்க்குத் தரலாம். அதில் நமக்கு வேண்டியது 19 ரூபாய்ச் சேனல்கள் இரண்டு மட்டும் என்றால், தனியாக எடுத்தால் 38. வேண்டாத மூன்றையும் சேர்த்து வாங்கினால் 33! சந்தையில் கறிவேப்பிலையை இலவசமாகப் போட்டு முருங்கைக்காயைக் கூடுதலாகத் தலையில் கட்டுவார்களே, அந்த வியாபாரம். கணக்குப் பார்க்கிறவன் தொகுப்பைத்தான் எடுப்பான். "பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு" என்பது இங்கேதான் பல்லிளிக்கிறது. சட்டம் தனியாக வாங்கும் உரிமையைக் கொடுத்தது, விலைப் பட்டியல் அதை அர்த்தமில்லாமல் ஆக்கிவிட்டது. என் கோபம் அண்ணாச்சி மேல் இல்லை, இந்த ஏற்பாட்டின் மேல்தான்.

ஆனால் இதிலும் ஒரு பிடி உண்டு. தொகுப்பு இரண்டு வகை. ஒளிபரப்பு நிறுவனம் தன் சேனல்களை மட்டும் கட்டிக் கொடுப்பது ஒன்று. கேபிள் நிறுவனம் எல்லா நிறுவனங்களின் தொகுப்புகளையும் சேர்த்து, சில்வர், கோல்டு, மெகா என்று பெயர் வைத்து விற்பது இன்னொன்று. வசூல் பையன் கையில் இருக்கும் காகிதத்தில் இரண்டாவது மட்டும்தான் இருக்கும். நமக்கு ஆகிவருவது முதலாவது. ஒரு நிறுவனத்தில் ஒரே சேனல் போதும் என்றால் தனியாக எடுங்கள். அதே நிறுவனத்தில் இரண்டு மூன்று வேண்டும் என்றால் அந்த நிறுவனத்தின் சின்னத் தொகுப்பை எடுங்கள். கேபிள் நிறுவனத்தின் மெகாவை விட்டுவிடுங்கள்.

சித்திக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டால் "எல்லாந்தான் பாக்கோம்" என்பார். அதனால் கேட்கவில்லை. ஒரு வாரம் டிவி பக்கத்தில் காலண்டர் தாளைக் கிழித்துப் போட்டு, வைக்கும் சேனல் நம்பரை எழுதச் சொன்னேன். பேரன்தான் எழுதினான். வாரக் கடைசியில் தாளில் இருந்தவற்றில் பாதிக்கு மேல் இலவசச் சேனல்கள். அடிப்படைக் கட்டணத்திலேயே வந்துவிடும். காசு கொடுக்க வேண்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கின. சித்தப்பா கிரிக்கெட் பார்ப்பார் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். மனிதர் ஒரு நாள்கூட விளையாட்டுச் சேனலை வைக்கவில்லை.

கணக்கு எப்படி வரும் என்று தெரிந்துகொள்ள ஓர் உதாரணம். அடிப்படைக் கட்டணம் வரியோடு 153.40. 19 ரூபாய்ச் சேனல்கள் மூன்று என்றால் 57, வரியோடு 67.26. மொத்தம் 220.66. நான்கு என்றால் 243.08. இதற்கு மேல் பில் வந்தால் அந்தக் கூடுதல் எங்கே போகிறது என்று கேட்கலாம். உங்கள் நிறுவனத்தின் அடிப்படைக் கட்டணம் வேறாக இருந்தால் முதல் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். சித்தியின் பில் இருநூற்றைம்பதுக்குக் கீழே வந்தது. பெரிய லாபம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பீடிக்கூலியில் வாழும் வீட்டில் மாதாமாதம் மிஞ்சும் காசு அது.

எச்டியை எடுத்துவிட்டதில்தான் நிறையக் குறைந்தது. எச்டி சேனல் ஒன்றைச் சாதாரணச் சேனல் இரண்டாகக் கணக்கிடுவார்கள், விலையும் பெரும்பாலும் தனி. பழைய டிவியும் எச்டி இல்லாத பாக்ஸும் வைத்துக்கொண்டு எச்டிக்குக் காசு கொடுக்கும் வீடுகள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பாக்ஸின் முன்பக்கமோ அடியிலோ எச்டி என்று எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அண்ணாச்சி இதையெல்லாம் மாற்றிக் கொடுத்தார், ஆனால் மகிழ்ச்சியோடு இல்லை. "இப்படித் தனித்தனியா டிக் போட்டா எனக்கு என்ன மிஞ்சும்? ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி உக்காந்தா நான் எப்பம் லைனுக்குப் போக?" என்றார். அவர் பக்கத்திலும் பாருங்கள். தனி உடன்பாடு ஏதும் இல்லாவிட்டால் அடிப்படைக் கட்டணத்தில் 55 சதவீதம் மேலே இருக்கும் நிறுவனத்துக்கு, 45 சதவீதம் உள்ளூர் ஆபரேட்டருக்கு. 130-க்கு 58 ரூபாய் 50 காசு. கட்டணச் சேனல் விலையில் பெரும்பங்கு ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் போய்விடும், மிச்சத்தை இவர்கள் இருவரும் பிரித்துக்கொள்ள வேண்டும். அதில்தான் வசூல் பையன் சம்பளமும் ஒயரும் கரண்டு பில்லும். இதற்கும் மேல், அவர் முன்கூட்டியே நிறுவனத்தின் வாலெட்டில் பணம் போட்டால்தான் நம் பாக்ஸ் ஓடும். நாம் பத்தாம் தேதி கொடுக்கும் காசை அவர் ஒன்றாம் தேதியே கட்டியிருப்பார். தெருவில் அவரைப் பார்த்துக் கத்துகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் கத்துவார்கள், அது வேறு.

2023 பிப்ரவரியில் இது உச்சத்துக்குப் போனது. புதிய விலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்குச் சில பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் சிக்னலை நிறுத்திவிட்டன. சண்டை டெல்லியிலும் மும்பையிலும், போன் வந்தது உள்ளூர் ஆபரேட்டர்களுக்கு. சில நாட்களில் கையெழுத்தாகிச் சேனல்கள் திரும்பின, விலையும் கூடவே ஏறி வந்தது.

சேனல் வராதபோது போன் செய்யும் முன் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டால் பாதிச் சண்டை மிச்சம். சந்தா இல்லை என்று வந்தால் அது பேக்கேஜ் விவகாரம். தேதி முடிந்திருக்கும், அல்லது அந்தச் சேனல் தொகுப்பிலிருந்து வெளியே போயிருக்கும். ரீசார்ஜ் முப்பது நாளுக்கு என்பதால் முடியும் தேதி மாதாமாதம் நழுவிக்கொண்டே போகும், ஒன்றாம் தேதி கணக்கு ஒத்துவராது. காசு கட்டியும் வரவில்லை என்றால் பாக்ஸை அணைக்காமல் அந்தச் சேனலிலேயே விட்டுவிட்டு, ஆபரேட்டரிடம் ரீஃப்ரெஷ் அனுப்பச் சொல்லுங்கள். பாக்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் கட்டளை வந்து சேரும். சிக்னல் இல்லை என்று வந்தால் ஒயர் அல்லது ஆம்ப்ளிஃபயர். பக்கத்து வீட்டிலும் அப்படியே என்றால் லைனில் கோளாறு, நம் வீட்டில் மட்டும் என்றால் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரைத் திருகிப் பாருங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் சிக்னல் பலவீனம். ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் வைத்து இரண்டு அறைக்குப் பிரித்த வீடுகளில் இது அதிகம்.

ராதாபுரம், பணகுடிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆனி, ஆடியில் அந்தக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒயர் ஊஞ்சலாடும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரத்தில் காற்றோடு குரங்கும் சேர்ந்துகொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரம் பூராவும் கரண்டே இல்லை, கேபிளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? கரண்டு வந்த பிறகுதான் டிவி ஞாபகம் வந்தது. ஓடாத நாட்களுக்கு எதாவது கழிப்பீர்களா என்று கேட்டதற்கு அண்ணாச்சி அடுத்த மாதம் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். கேட்காதவர்களுக்குக் குறைக்கவில்லை. அதே நாட்களில் அவரும் பையன்களும் சேற்றில் நின்று ஒயர் இழுத்ததையும் பார்த்தேன். எந்தக் கஸ்டமர் கேரும் அதைச் செய்யாது.

உள்ளூரில் தீராத புகார் என்றால் எழுத்தில் போங்கள். நிறுவனத்தின் கஸ்டமர் கேரில் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் பேசிய எதுவும் பேசாததுதான். 999-ஆம் சேனலில் நிறுவனத்தின் தொடர்பு விவரம் இருக்க வேண்டும், போய்ப் பாருங்கள். அங்கே சரியாகாவிட்டால் நோடல் அதிகாரி என்று ஒருவரை நிறுவனம் வைத்திருக்க வேண்டும், அவருக்கு அந்த எண்ணோடு மின்னஞ்சல். டிராய்க்கு எழுதினால் அது தனிநபர் புகாரை விசாரிக்காது, நிறுவனத்துக்குத் தள்ளிவிடும். ஆனாலும் தள்ளி வருகிற கடிதத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதியலாம். எங்கள் உறவினர் ஒருவருக்குக் கேட்காமலே சேர்த்த பேக்கேஜின் காசு இப்படி எழுதிய பிறகுதான் திரும்பியது. மஞ்சள் அட்டைக் கிறுக்கல் போதாது என்று அப்போது புரிந்தது. ஜிபேயில் அனுப்பினால் அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தால் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. பிள்ளைகளைப் பார்க்கச் சென்னைக்கோ வளைகுடாவுக்கோ மாதக் கணக்கில் போகும் பெரியவர்கள் எங்கள் பக்கம் அதிகம். வீடு பூட்டிக் கிடக்கும், கேபிள் காசு ஓடிக்கொண்டிருக்கும். முன்கூட்டியே சொன்னால் மாதக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம், திரும்பி வந்து ஒரு சின்னத் தொகை கட்டித் தொடரலாம். ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்கு முழு அடிப்படைக் கட்டணமும் கேட்கிறார்களா என்று பாருங்கள். 2020 விதிப்படி இரண்டாவதற்கு 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று இருந்தது. உச்சவரம்பு போன பிறகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது, பேசிப் பார்த்தால் குறைப்பார்கள்.

கேபிளே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. ஒரு தடவை டிஷ்ஷும் பாக்ஸும் வாங்கினால் மாதக் கட்டணமே இல்லை. 2024 வரை பொதிகை என்று எங்கள் மலையின் பெயரில் இருந்து இப்போது டிடி தமிழ் ஆகிவிட்ட சேனல் அதில் வரும். ஆனால் சித்தி கேட்கும் சீரியல்கள் வராது, அதனால் அந்தப் பேச்சை அவரிடம் எடுக்கவே முடியவில்லை. டிடிஎச் வைத்தால் லோக்கல் சேனல் போய்விடும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தையும் பக்கத்து ஊர்க் கோயில் கொடை விழாவையும் நகைக்கடை விளம்பரங்களுக்கு நடுவே காட்டுவது அதுதான். நகரத்து ஆட்கள் சிரிப்பார்கள். முக்கூடலில் பாதிப் பேர் கேபிளை விடாததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டோம். பிள்ளைகள் போனிலும் நெட்டிலும் பார்க்கிறார்கள். அதற்குக் கட்டும் காசைக் கூட்டினால் கேபிளை விடக் குறைவு இல்லை, அது தனிக் கட்டுரை. நிறுத்துகிறவர்களுக்கு ஒரு வேலை மட்டும் உண்டு. பாக்ஸ் விலைக்கு வாங்கியதா, வாடகையா, முன்பணம் கட்டியதா, அரசு கொடுத்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றால் ரிமோட், அடாப்டரோடு கொடுத்து, பாக்ஸ் நம்பரை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக்கு விட்ட வீடு என்றால் குடியிருப்பவர் காலி செய்யும் நாளிலேயே இதைப் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு வருஷம் கழித்து, தன் வீட்டில் இல்லவே இல்லாத பாக்ஸுக்கு விலை கேட்கிறார்கள் என்று இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்.